எசமான் எதிரே ஊன்றிய கம்பு

திருமழபாடி நந்தி கல்யாணத்தில் மிராசுதார் சிவசுப்பிரமணியனுக்குப் பரிவட்டம் கட்டியதை அரியலூர் போட்டோக்காரன் அரியமுத்து படம் பிடித்தான். படத்தில் எசமானுக்கு இரண்டு முகம் விழுந்திருந்தது. ஊருக்குப் பழைய சங்கதிதான். காகிதத்தில் பார்ப்பதுதான் புதிது.

குற்றம் மூன்று கால் ஸ்டாண்டுடையது. பந்தல் நிழலில் கேமராவின் கண் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும்; அதுவரை பெட்டி ஆடக் கூடாது. கல்யாணக் கூட்டத்தில் மூன்று காலை விரிக்க இடம் ஏது? ஒரு காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் எம்பி எம்பிச் சாமி பார்த்தார். இன்னொரு காலை ஒரு குடும்பமே மிதித்துக்கொண்டு போனது.

"அடுத்த பங்குனியிலயும் இப்படி வந்துது, கடையக் காலி பண்ணிட்டு ஓடிரு" என்றார் மிராசுதார்.

அரியமுத்து ஸ்டூடியோ வைத்திருந்த அறை அவருடையது. அப்பன் அவர் பண்ணையில் ஏர் ஓட்டினான். மகன் பட்டாளத்தில் சேர்ந்து, போட்டோப் பிரிவில் எடுபிடியாக பர்மா வரை போய், ஒரு பழைய கேமராவோடு திரும்பினான். அவன் சாதியில் பிறந்தவனுக்குக் கடைத்தெருவில் அறை தர ஒருவரும் இல்லை. எசமான் தந்தார். பதிலுக்கு அவர் வீட்டுக் காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாப் படமும் இனாம். இதற்கு ஊர் வைத்த பெயர் தர்மம்.

அந்த அறை போனால் அரியமுத்து திரும்பிப் போக வேண்டிய இடம் அவர் வயல். ஆகவே திருச்சிக்குப் பஸ் ஏறினான்.

"ஒத்தக்கால் ஸ்டாண்டா? கூட்டத்துக்கு அதான் சார் சரி" என்றார் போட்டோ சாமான் கடைக்காரர் தர்மராஜ். இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று, குழாய்க்குள் குழாயாக மடங்கும் பளபளப்பு. இன்னொன்று, அடியில் இரும்புப் பூண் போட்ட ஒரே மரம். அரியமுத்து இரண்டின் மேலும் உடம்பைச் சாய்த்துப் பார்த்தான். குழாய் மெள்ள உள்ளே இறங்கியது. மரம் நின்றது. மரத்தை எடுத்துக்கொண்டான்.

அடுத்தது அதன் உச்சியில் கேமராவைப் பிடிக்கும் தலை.

"இந்த உருண்டைத் தலைய வாங்கிக்குங்க. நாலு பக்கமும் திரும்பும். சீமைச் சரக்கு."

அரியமுத்து கேமராவை மாட்டி முடுக்கினான். அது தூங்கி விழுகிறவன் தலை போலப் பக்கவாட்டில் தொங்கியது.

"நாலு பக்கம் திரும்பத்தான் கம்பே இருக்குங்களே! திருகினா திரும்புது, சாய்ச்சா சாயுது. மேல கீழ ஆட மட்டும் ஒரு கீல் வச்சது இருந்தாக் குடுங்க."

"தலையாட்டுற தலை மட்டும் போதும்ங்கிறீங்க?"

"எங்க ஊர்ல அதுக்குத்தாங்க மதிப்பு."

இவ்வளவு சோதித்தவன் ஒன்றை மறந்துவிட்டான். பட்டாளத்தில் துப்பாக்கியை ஊன்றி நின்று பழகிய ஆள், மறக்காமல் என்ன செய்வான்? பண்ணையாள் மிராசுதார் எதிரே கம்போடு நிற்கக் கூடாது. தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே கம்பைத் தரையில் கிடத்திவிட்டுத்தான் கும்பிட வேண்டும். சுதந்திரம் வந்து கொடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்தச் சட்டத்தை மட்டும் இறக்க ஆளில்லை.

மறு பங்குனி. பரிவட்டம் கட்டும் நேரம். அரியமுத்து கூட்டத்துக்குள் ஒற்றைக்காலை ஊன்றியதுதான் தாமதம், பண்ணைக் காரியக்காரர் நல்லதம்பி பாய்ந்து வந்தார்.

"டேய்! எசமான் எதிர கம்பு ஊனி நிக்கிறியா? கீழ போடுறா!"

"கம்பு இல்லீங்க, ஸ்டாண்டுங்க."

"மரந்தான? அடியில பூண் இருக்குல்ல? அப்ப கம்புதான்."

"கீழ போட்டா மறுபடியும் ரெண்டு முகம் விழும்ங்க."

மிராசுதார் யோசித்தார். மரியாதையா, முகமா? இரண்டையும் விட மனசில்லை. "நல்லதம்பி, கம்ப நீ புடி. அவன் பெட்டிய மட்டும் அமுக்கட்டும்" என்றார்.

நல்லதம்பி பிடித்தார், பாதி குனிந்தபடி. கம்போடு சேர்ந்து பெட்டியும் ஆடியது.

"ஐயா, கொஞ்சம் நிமிந்து புடிங்க."

"எசமான் எதிர நிமிர்றதாடா? நீ ஒருத்தன் கெட்டது போதாதா?"

படம் கழுவி வந்தது. இந்தத் தடவை மூன்று முகம்.

மிராசுதாரே கடைவாசலுக்கு வந்தார். நல்லதம்பி உள்ளே நுழைந்து திரைச்சீலையைக் கிழித்தார். படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுகள் தெருவில் விழுந்து உடைந்தன. அரியமுத்துவின் மனைவி பொன்னாயி கண்ணாடித் துண்டுகளை முந்தானையில் அள்ளினாள்.

"என்னைய ஊன விட்டிருந்தா ஒத்த முகம் வந்திருக்கும்ங்க" என்றான் அரியமுத்து.

"எதுத்தா பேசுற, நாயே!" கையை ஓங்கினார் எசமான்.

அரியமுத்து ஒற்றைக்காலை எடுத்தான். நடுத்தெருவில், அவர் காலுக்கு எதிரே, பூண் தரையில் இறங்கும்படி ஓங்கி ஊன்றினான். கேமராவை மாட்டினான், தலையைத் தாழ்த்தினான்.

படம் எடுக்கும்போது அசையக் கூடாது என்று எத்தனை கல்யாணத்தில் கேட்டிருப்பார்! ஓங்கிய கை ஓங்கியபடி, பிளந்த வாய் பிளந்தபடி, மிராசுதார் மூச்சடக்கி நின்றார். பழக்கம், பாவம். 'கிளிக்' கேட்டும் கை இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் சாமான்களோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்கள்.

அறை போனது போனதுதான். ஜெயங்கொண்டம் சந்தையில், ஒரு முந்திரி மரத்தடியில், ஒழுகும் கீற்றுக்குக் கீழே புது ஸ்டூடியோ. இதை நியாயம் என்று சொல்லிக்கொண்டு யாரும் என்னிடம் வர வேண்டாம். வாசலில் அந்தப் படம் தொங்கியது. ஒரே முகம். நெற்றி நரம்பைக்கூட எண்ணலாம்.

ஒருநாள் நல்லதம்பி வந்தார். "எசமான் அந்தப் படத்தக் கழட்டச் சொன்னாங்க. பழைய அறையவே தரேங்கிறாங்க."

பொன்னாயி புருஷனைப் பார்த்தாள். மழை கீற்றில் இறங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது.

"புடிக்கலன்னா எசமானையே வரச் சொல்லுங்க. வேற எடுத்துத் தரேன்" என்றான் அரியமுத்து. "ஆனா கம்ப நாந்தான் ஊனுவேன்."