ஜும்மா நேரத்துப் பாட்டு

எங்கள் சந்தில் வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் சத்தம் நிற்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிற நேரம். மற்றபடி தாராவியில் எங்கள் பக்கம் கண் விழிப்பதும் தையல் மெஷின் சத்தத்தில், கண் மூடுவதும் அதில்தான். கீழே வாப்பாவின் கார்கானா, ஸ்கூல் பை தைக்கிற இடம். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நாங்கள். மெஷின் ஓடும்போது கட்டிலில் உட்கார்ந்தால் கட்டிலும் சேர்ந்து ஆடும்.

என்னுடைய மியூசிக் ப்ளாக் அந்த அமைதியில் பிறந்தது என்று அழகாகச் சொல்லலாம். மற்ற நேரத்தில் ரெக்கார்ட் பண்ணினால் ஒரு எழவும் கேட்காது, அதுதான் விஷயம். காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்தேன். வாரம் ஒரு பாட்டு. சந்தில் யாராவது பாடுவார்கள், நான் பழைய போனில் பதிவு செய்து, பாடினவரைப் பற்றி நாலு பத்தி எழுதி, அன்று சாயங்காலமே போட்டுவிடுவேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். வாசிக்கச் சொன்னால் முழி பிதுங்கும். அதனால் எழுதினதை நானே வாசித்து அதையும் சேர்த்துப் போடுவேன். ஆண்கள் இல்லாத நேரம் ஆனதால் பாடுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். மாஹிமிலிருந்து ஒருத்தி, 'பெண்கள் பாடுவதை மட்டும்தான் போடுகிறீர்கள், நல்ல கொள்கை' என்று கமெண்ட் எழுதினாள். கொள்கையாவது கத்தரிக்காயாவது.

வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை பேசினதில்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன், அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். என்றைக்காவது ஏணியில் ஏறி வந்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பாட்டு வேண்டிக் கெடக்கு" என்று கேட்டுவிட்டால் முடிந்தது கதை. ஒவ்வொரு வாரமும் அவர் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் போனை ஒளித்துவைத்து விடுவேன்.

அப்புறம் நவி மும்பை பக்கம் ஐரோலியில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். உம்மா சந்து முழுக்க லட்டு கொடுத்தாள். நான் அன்றிலிருந்தே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஆறு மாசம் ப்ரொபேஷன். சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, லேடீஸ் டப்பாவில் யாரோ ஒருத்தியின் முழங்கை என் கழுத்தில் இருக்க, ஒற்றைக் கையால் போனில் ப்ளாகுக்கு எழுதுவேன். ஆபீஸில் உட்கார்ந்தால் ப்ளாக் ஞாபகம், ப்ளாக் எழுதினால் ஆபீஸ் ஞாபகம். இரண்டையும் கெடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும்.

ட்ரெய்னிங் நடந்தவரை வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை, தப்பித்தேன். ட்ரெய்னிங் முடிந்ததும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் ரிவ்யூ மீட்டிங், புதுசாகச் சேர்ந்தவர்கள் நேரில் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். வாரத்தில் வேறு நாளே இல்லையா இவர்களுக்கு? கையிருப்பில் இருந்த பழைய பதிவுகளைப் போட்டுச் சில வாரம் ஓட்டினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சாச்சி வந்தாள். சொந்தம் கிடையாது, சின்னம்மா மாதிரி கூப்பிட்டுப் பழகின முறை. எங்கள் சந்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மருதாணி வைக்கிற அன்று சாச்சிதான் பாடுவாள். அவளே கட்டின பாட்டு. விரலுக்கு ஒரு அடி, கடைசி விரலில் பெண்ணின் பெயர் வரும். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டாள், புருஷன் முன்னால்கூட. அவளைப் பாட வைக்க நான் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன், பிடி கொடுத்ததே இல்லை. இப்போது அவளே வந்து நின்றாள். கழுத்தில் கட்டி.

"ஏட்டி, திங்கக்கெழம கழுத்துல ஆப்பரேசன். கொரலு அப்படியே இருந்தாலும் இருக்கும், மாறினாலும் மாறும்னு டாக்டரு சொல்லிட்டாவ. உன் கல்யாணத்துக்கு நான் பாடணும்லா? இப்பமே புடிச்சு வச்சுக்கோ."

"எனக்கு எங்க சாச்சி கல்யாணம் இப்ப" என்று சிரித்தேன். அவள் போனபிறகு உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்கூல் திறக்கிற சீசன் வேறு, ராத்திரியில்கூட மெஷின் நிற்காது. வேறு எங்காவது கூட்டிப் போகலாம் என்றால் சாச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டாள், தெரியாத இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளுமாம். டீம் லீடிடம் கேட்டுப் பார்த்தேன். கெட்டவள் இல்லை. "ஃப்ரைடே மத் மாங்க் யார், ரிவ்யூ ஹை" என்றாள், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு கேட்காதே என்று அவளே கெஞ்சுகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி பாடப் போகிறாள், அதற்கு லீவு என்று எந்த வாயால் கேட்பது? வயிற்று வலி என்று புளுகலாம். ப்ரொபேஷனில் இருக்கிறவளுக்கு வயிறுகூடச் சொல்லிவிட்டுத்தான் வலிக்க வேண்டும்.

கடைசியில் பழைய போனை உம்மா கையில் கொடுத்தேன். உம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. "இந்தச் செவப்ப அமுக்கு. நம்பர் ஓடும். பாட்டு முடிஞ்சதும் திரும்ப அமுக்கு." மூன்று நாள் இதையே சொன்னேன்.

"இது என்ன ராக்கெட்டா? போய் ஆபீசப் பாரு" என்றாள் உம்மா.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ நடக்கிறது. போன் மடியில், சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். உம்மாவின் கால் வந்தது. எடுக்கவில்லை. திரும்ப வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், நான் வேறு யாருடைய வேலையைப் பற்றியோ சொன்னேன். சாச்சி மயங்கி விழுந்துவிட்டாளோ, வாப்பா சீக்கிரமே வந்துவிட்டாரோ என்று கண்டதும் ஓடுகிறது மண்டைக்குள். "ஒன் மினிட்" என்று எழுந்து மாடிப்படிக்கு ஓடினேன்.

"செவப்ப அமுக்குனேன், அது சதுரமா மாறிட்டு. என்னமோ கெட்டுப்போச்சுன்னு மறுபடியும் அமுக்கிட்டேன்" என்றாள் உம்மா. "அவ முழுசாப் பாடி முடிச்சிட்டா. பாத்தா நம்பரே ஓடல."

மணி பார்த்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம்.

"திரும்பப் பாடச் சொல்லு."

"ஆம்பிளையள் வந்துருவாவளே."

"சொல்லும்மா!" என்று கத்தினேன். கீழ்ப்படியில் நின்ற வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். லைன் கட்டாகிவிட்டது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். "சப் டீக் ஹை?" எல்லாம் சரிதானே என்று டீம் லீட் மெதுவாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. என் காதில் மெஷின்தான் ஓடியது. வாப்பா ஏணியில் ஏறி வருகிறார், சாச்சி பாதியில் வாயை மூடிக்கொள்கிறாள், அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு. வீட்டுக்குப் போன் பண்ணவும் தைரியம் வரவில்லை. தாணேயில் ரயில் மாறும்போதுகூடப் பண்ணவில்லை.

வீட்டில் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பழைய போனை எடுத்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினேன். முதல் பதிவில், "அல்லாவே, என்னமோ மாறிட்டே" என்ற உம்மாவின் குரல் மட்டும். இரண்டாவதில் சாச்சி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு தட்டில் தாளம் போட்டு ஆரம்பித்தாள். பெருவிரல், சுட்டுவிரல் என்று அவசரமே இல்லாமல் போகிறாள். நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். இதோ, இப்போது மெஷின் ஆரம்பிக்கும். இதோ, இந்த விரலில் நிறுத்திவிடுவாள். சுண்டு விரலுக்கு வந்தாள். என் பெயரைச் சொல்லிப் பாடினாள். முடித்தாள். உம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது, வெளியே ஒரு காக்கா கத்தியது. மெஷின் ஓடவே இல்லை.

சாச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் இன்னும் கரகரவென்று இருக்கிறது. பாடச் சொன்னால், "அதான் புடிச்சு வச்சிருக்கியே" என்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பாட்டைக் கேட்டு முடித்ததும் பதிவின் நேரத்தைப் பார்த்தேன். தொழுகை முடிந்து வெகு நேரம் கழித்து எடுத்தது. அந்த நேரத்தில் சந்து முழுக்க மெஷின் ஓடியிருக்க வேண்டும். சாயங்காலம் பைகளை ஏற்ற டெம்போ வேறு வருவதாக இருந்தது.

உம்மாவிடம் கேட்டேன். "அவ திரும்பப் பாட வராம மெள்ளப் பாடிப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே உங்க வாப்பா வந்தாவ. ஏணியில கால வச்சாவ, பாட்டு கேட்டுச்சு. அப்படியே எறங்கிப் போயிட்டாவ" என்றாள். "முக்குல டீக்கடையில எல்லாரையும் நிப்பாட்டி வச்சிருந்தாவளாம். நம்ம ஆளுவ, எதுத்த கார்கானா ஆளுவ, சாச்சி வீட்டுக்காரரு, எல்லாரையும். ஒரு பயல உள்ள விடலையாம்."

வேலையாட்கள் இரண்டாவது டீ கேட்டால் முறைக்கிற மனுஷன். கீழே இறங்கினேன். டெம்போவைக் காக்க வைத்துவிட்டு மெஷின் எல்லாம் பேய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல வாப்பா."

நான் அங்கேயே நின்றேன். கத்தரியை வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பாட்டு சுத்தமா வந்திருக்கா?"

"சுத்தமா வந்திருக்கு வாப்பா."

"அப்பம் சரி. போய்ச் சாப்பிடு."