நூறு யூனிட் மானியமும் அக்காவின் துணிச்சலும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டவர்கள்தான். ஆகவே அவருடைய அன்பைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? அவருடைய துணிச்சலைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது அண்ணாகிராமம் பக்கம், முந்திரிக் கொல்லையை ஒட்டிய வீட்டில். அப்பாவுக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே வந்தது. மூத்தவர் அக்கா, அடுத்து அண்ணன், கடைசி நான். அண்ணனும் நானும் பிழைப்புக்காகக் கடலூரில் தங்கிவிட்டோம். அக்காவைப் பரங்கிப்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பிள்ளைகளும் இல்லை. அக்கா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, முன் அறையில் இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். வீட்டு மீட்டரிலேயே கிரைண்டரை ஓட்டலாமே என்று எல்லோரும் சொன்னோம்.

"வூட்டுக்குன்னு சலுகையா குடுக்கற கரண்டுல யாவாரம் பண்ணா ஒடம்புல ஒட்டாது" என்றார் அக்கா. அப்பாவை அழைத்துப் போய்க் கடைக்கென்று தனி இணைப்பு வாங்கினார். வயதான பிறகு வியாபாரத்தை நிறுத்தியதும் அந்த இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரில் இப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அப்பா காலமான பிறகு வீட்டில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. முன்கட்டில் அக்கா. பின்கட்டில் வாடகைக்கு ஸ்டெல்லாவும் அவர் கணவரும். இரண்டு மீட்டரும் அப்பா பெயரிலேயே இருந்தன. பெயரை மாற்ற வேண்டுமானால் வீடு யாருக்கு என்று பேச வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க எங்களில் யாருக்கும் மனமில்லை. அப்பா பெயர் இருக்கும்வரை அது அப்பா வீடு, வம்பில்லை. வீட்டுக்கு வீடு வாசப்படி, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மீட்டர் இருக்கலாம்.

இந்த நிலையில்தான் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். நம் மாநிலத்தில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கான தொகையை அரசு மானியமாகக் கொடுக்கிறது. இணைக்காவிட்டால் மானியம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. குடியிருப்பவர்களே இணைக்கலாம், அதனால் வீட்டு உரிமை மாறாது என்றும் அறிவித்திருந்தார்கள். அதை அண்ணன் காதில் வாங்கினால்தானே.

"யாரோட ஆதார போடறாங்களோ, நாளைக்கு வூடு அவுங்க பேருக்குப் போயிடும்" என்று எனக்குப் போன் செய்தார். "அக்காவுதும் வேணாம். வாடகைக்கு இருக்கறவுங்களுது போடவே கூடாது."

"அப்ப என்னுத போடட்டுமாண்ணா?" என்றேன்.

"ஓ, வூட்டு மேல உனக்கு அவ்ளோ ஆசையா?" என்று வைத்துவிட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பாவின் திதிக்கு இந்த வருடம் சிதம்பரம் வரப்போவதில்லை என்று அண்ணி மூலம் சொல்லி அனுப்பினார் அண்ணன். அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். சலுகை போனால் போகட்டும் என்று இருந்திருப்பார். அப்பா திதியில் தம்பிகள் இருவரும் ஒரு வரிசையில் உட்காராமல் போவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அது ஒரு முறை விட்டுப்போனால் பிறகு சேராது என்று அவருக்குத் தெரியும்.

ஸ்டெல்லா முன்கட்டுக்கு வந்து, "எங்களால உங்களுக்குள்ள சண்டை வேணாம்க்கா. நாங்க வேற வூடு பாத்துக்கறோம்" என்றார்.

"நீ ஒண்ணும் போவ வேணாம். ஆதார எடுத்துக்கிட்டு என்கூட வா" என்றார் அக்கா.

அண்ணனையும் என்னையும் மின்சார அலுவலகத்துக்கு வரச் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேணாம், நின்னு பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டதால் அண்ணன் வந்தார். சிறப்பு முகாம் நடந்துகொண்டிருந்தது. வரிசை நகர்ந்து அக்காவின் முறை வந்ததும், பின்கட்டு இணைப்புக்கு வாடகைதாரர் என்று சொல்லி ஸ்டெல்லாவின் ஆதாரையே இணைக்கச் சொன்னார். அண்ணன் எதைக் கண்டு அதிகம் பயந்தாரோ, அதையே அவர் கண் முன்னால் செய்தார்.

"என்னாக்கா பண்ற நீ?" என்றார் அண்ணன்.

"வூடு போறதுன்னா மொதல்ல இவங்களுக்குத்தான போவும்? போவுதான்னு பாப்போம். முன்கட்டுக்கு நான் எதையும் போடல. நீயா சொல்ற வரைக்கும் போடவும் மாட்டேன். சலுகை நின்னா எனக்கு நிக்கட்டும்."

அண்ணன் நேராகப் போய்ப் பஸ் ஏறிவிட்டார். அடுத்த கணக்கெடுப்பு வந்தது. பின்கட்டுக்கான கட்டணச் செய்தி ஸ்டெல்லாவின் போனுக்கு வந்தது. அக்கா அதைப் படித்துச் சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. அப்படியே அண்ணனுக்கு அனுப்பச் சொன்னார். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. நூறு யூனிட் மானியமும் வழக்கம்போல் கழிக்கப்பட்டிருந்தது.

திதியன்று காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் எனக்கு முன்பே வந்து வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாடா" என்றார், அவ்வளவுதான். சாப்பிட்டுக் கை கழுவும்போது அக்காவிடம், "முன்கட்டுக்கு உன்னுதயே போட்டுடுக்கா" என்றார். அக்கா அவருக்கு இன்னொரு வடை கொடுத்தார்.

எல்லா விதியும் தெரிந்துதான் அக்கா அவ்வளவு திடமாக நின்றார் என்று நான் நினைத்திருந்தேன். பின்னொரு நாள் கேட்டேன். "எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சு. டிவியில சொன்னாங்க, ஆனா யாரு கண்டா? வூடு போனாக்கூட எங்கனா ஒண்டிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தெசையா போயிட்டா நான் யாருகிட்ட போவேன்?" என்றார். இருந்த ஒரே கூரையைப் பணயம் வைத்து அந்த வரிசையில் நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்படி ஒருவருக்குத் தம்பியாகப் பிறந்தது என் பாக்கியம்.

கடைசி மாதங்களில் அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் இருந்தார். அண்ணன் தினமும் மாலையில் வந்து கால் பிடித்துவிடுவார். ஒருநாள், "வூட்ட உன் பேருக்கே மாத்திடலாம்க்கா, நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். அக்கா சிரித்தார். "போற நேரத்துல எனக்கு எதுக்குடா வூடு? நீங்க வந்து ஒண்ணா சாப்புட ஒரு எடம் இருந்தா போதும்."

அக்காவைத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் அண்ணிக்கும், சிகிச்சை தந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், செய்தி கேட்டதும் ஓடிவந்த பரங்கிப்பேட்டை உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. சிதம்பரம் வீட்டில் காரியம் முடியும்வரை எங்கள் எல்லோருக்கும் பின்கட்டில் சமைத்துப் போட்ட ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சிதம்பரம் வீட்டை நாங்கள் பிரிக்கவில்லை. இதுவரை அப்பாவின் திதிக்காக வருடத்தில் ஒரு நாள் அண்ணனும் நானும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவந்தோம். இனி இரண்டு நாள்.