மூலை மாறிய தட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேய் என்றால் கிண்டல் செய்கிறவள்தான் நானும். ஆனால் கீழே வரும் நேரங்கள் குத்துமதிப்பு இல்லை. இயந்திரங்களில் பதிவாகியிருப்பவை.

என் பெயர் கௌசலா. பூச்சோங் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சிறுநீரகப் புற்றுநோய் மருந்துகளைச் சோதிப்பது என் வேலை. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் குழிகள் நிறைந்த ஒரு சிறிய தட்டில் வளர்ப்போம். இடப்பாதியில் ஒரு மருந்து, வலப்பாதியில் இன்னொன்று. எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து எந்தப் பக்கத்துச் செல்கள் செத்தன என்று இயந்திரம் சொல்லும். அந்த மருந்தை டாக்டர் தொடங்குவார். நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான்.

எப்போதும் நானும் நூருலும் சேர்ந்துதான் செய்வோம். ஒருத்தி வைத்தால் மற்றவள் சரிபார்ப்பாள். பண்டிகைக்கு மட்டும் விலக்கு. தீபாவளிக்கு அவள் தனியாக வருவாள், நோன்புப் பெருநாளான ஹரிராயாவுக்கு நான்.

சென்ற ஆண்டு ஹரிராயா. நூருல் நான்கு நாள் முன்பே சொந்த ஊரான கிளந்தானுக்குக் கிளம்பிவிட்டாள். நகரமே காலி. பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் எனக்குப் பேச்சுத்துணை சுவர்தான். கிள்ளானில் அம்மா இறந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போவதில்லை. உண்மையைச் சொன்னால், அன்று வேலை இருந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பகலில் டாக்டர் சுகுமாறன் போன் செய்திருந்தார்.

"கே-23 ரிசல்ட் இன்னிக்கே வேணும்மா. நாளைக்குக் காலையில மருந்து ஸ்டார்ட் பண்றேன். ஒரு மருந்துக்குத்தான் அவர் உடம்புல தெம்பு இருக்கு. தப்பா போச்சுன்னா இன்னொண்ணுக்கு டைம் இல்ல."

இரவு 9.40. எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. மூன்று நாள் முன்பு நான் ஒருத்தியே மருந்து போட்ட தட்டு. அதன் ஒரு மூலை வெட்டியிருக்கும். மருந்து போடும்போதும் சரி, இயந்திரத்தில் படிக்கும்போதும் சரி, அந்த மூலை மேல் இடப்பக்கம் வரவேண்டும். திருப்பி வைத்தாலும் எண்கள் ஒழுங்காகவே வரும், மருந்துகளின் பெயர் மட்டும் மாறிவிடும். அதனால் இரண்டு முறை பார்த்துத்தான் இயந்திரத்தில் வைத்தேன்.

பொத்தானை அழுத்தியதும் பக்கத்து அறையில் தண்ணீர் கொட்டியது.

அங்கே இருப்பது சுத்திகரிப்பு இயந்திரம். தண்ணீரிலிருந்து உலோகம், உப்பு எல்லாவற்றையும் நீக்கிச் சோதனைக்குத் தருவது. ஆள் அழுத்தினால்தான் கொட்டும். போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரையில் 9.42 என்று பதிவு. தொட்டி மட்டும் காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்தேன். இயந்திரம் தட்டை வெளியே நீட்டியிருந்தது. வெட்டிய மூலை... கீழ் வலப்பக்கம்.

என்னையே திட்டிக்கொண்டு சரியாக வைத்தேன். 9.47. மறுபடி தண்ணீர்... நான் நகரவில்லை. இயந்திரத்தின் கதவு மூடியது. உள்ளே 'கிர்ர்ர்' என்று எதுவோ உரசியது. கதவு திறந்தது.

மூலை மாறியிருந்தது.

கீழே காவலில் இருந்த பக்கிரிசாமி அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணே, மேல யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலை லா, மிஸ். லிஃப்டே நகரல. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே."

9.55. மூன்றாம் முறை வைத்தேன். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

என் விரல்களுக்குக் கீழே அது நகர்ந்தது...

மெதுவாக.

என் கைமேல் ஈரம். சில்லென்று.

இன்னொரு கை.

நான் கத்தவில்லை. கத்தினால் யாருக்குக் கேட்கும்?

விட்டுவிட்டேன். அது திருப்பிய வாக்கிலேயே இயந்திரம் படித்து முடித்தது. 10.03. மூன்று முறையும் ஒரே எண்கள்.

எதை அனுப்புவது? என் கணக்குப்படி ஒரு மருந்து, அதன் கணக்குப்படி இன்னொன்று. மருந்து போட்டதும் போனில் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் படத்தைத் திறந்தேன். அதில் வெட்டிய மூலை கீழ் வலப்பக்கம் இருந்தது. மூன்று நாள் முன்பு நான்தான் தட்டைத் தலைகீழாக வைத்து மருந்து போட்டிருக்கிறேன்.

திருப்பி வைத்ததுதான் சரி. அதையே அனுப்பினேன். கே-23 இன்று நலமாக இருக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூருல் வந்ததும், நான் தனியாகச் செய்த பழைய தட்டுகளின் படங்களைத் தேடினோம். அதற்கு முந்தைய ஹரிராயாவில் ஒன்று இருந்தது. கே-9. படத்தில் மூலை கீழ் வலப்பக்கம். நான் படித்து அனுப்பியதோ மூலையை மேல் இடப்பக்கம் வைத்து. அன்று யாரும் தட்டைத் திருப்பவில்லை. நூருல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"கே-9 யாரு டாக்டர்?"

"டெங்கில் ஊருல ஒரு லோரி டிரைவர். சொந்தம்னு யாரும் இல்ல. உங்க ரிசல்ட்படிதான் மருந்து குடுத்தேன். கேக்கலம்மா... நாலு மாசத்துல போயிட்டாரு. கடைசி நாள்ல, 'எனக்காக லேப்புல உக்காந்து பார்த்தாங்களே, அவங்களுக்கு நன்றி சொல்லிடுங்க'ன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."