தொட்டிக்குள் எழுதிய கண்டாக்கு

“இந்தப் போன்ல தண்ணிக்குள்ளயும் மெசேஜ் எழுதலாம், டீச்சர்,” என்றார் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சிறில்.

“தண்ணிக்குள்ள இருந்து யாருக்குங்க ஐயா எழுதப் போறீங்க?” என்று கேட்டாள் பாலர் பள்ளி ஆசிரியை டிலுக்ஷி.

“தொரைக்குத்தான். பாருங்க.”

ஐந்து நிமிடம் பிந்தி வரும் பெண்களைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்தி ஏசியே தலை நரைத்தவர் சிறில். நீர்த்தேக்கம் பக்கத்தில் இருந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அன்று கொழுந்துப் பெண்கள் பார்க்க, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் போனை அமிழ்த்தி அன்றைய கொழுந்து நிறையை எழுதத் தொடங்கினார். அவர் விரலை முந்திக்கொண்டு தண்ணீரே திரையைத் தொட்டது. பொருளில்லாத எழுத்துகளும் நாக்கை நீட்டும் முகமொன்றும் தோட்ட மேலாளரான தொரைக்குப் போய்ச் சேர்ந்தன. தொரை மூன்று தடவை அழைத்தார், சிறில் எடுக்கவில்லை.

வேலை போய்விடுமென்ற பயத்தில், சாயங்காலம் டிலுக்ஷியைத் தேடி வந்தார். கடைசியாக மழை பெய்து பதினைந்து நாளாகியிருந்தது.

“போன் மழையில நனைஞ்சு, மெசேஜ் அதுவாப் போயிருச்சுன்னு தொரைக்குச் சிங்களத்துல எழுதிக் குடுங்க, டீச்சர்.”