தலைவருக்கு வாலா, காலா?

காலை ஏழரைக்குத் தையல்காரர் ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடியே செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய மனைவி போடும் குறுக்கெழுத்து அங்கேதான் வரும். பதினான்கு வருடமாக அந்தப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள் அவள். கட்டம் போடுவது உபரி வேலை. ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கட்டக்கா’தான், பிழைக்கு யார் பெயர் வைப்பார்கள்?

“ஏழு, இடமிருந்து வலம். கால் ஒடிந்த தலைவர், தலையில்லாத எலியோடு சேர்ந்தால் வேதனை. நாலு எழுத்து,” என்று சத்தமாக வாசித்தார்.

கட்டக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி உட்கார மறுத்தது.

“தலைவருக்குக் கால் போனா கடைசி எழுத்து காலி. தலைவ. எலிக்குத் தலை போனா மிச்சம் லி. சேர்த்தா தலைவலி! அடடா, பிரமாதம்!” பென்சிலைக் காதில் செருகப் போனவர் பாதியில் நின்றார். நனைந்த ரொட்டி தேநீருக்குள் முழுகிப்போனது. “ஏய், உங்க பத்திரிகைத் தலைவர் முந்தாநாள்தானே மாடிப்படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு?”

“நான் இதை எழுதி மூணு வாரம் ஆச்சுங்க.”

உண்மைதான். சரியாகச் சொன்னால் முக்கால் உண்மை. மூன்று வாரத்துக்கு முன் அவள் எழுதியது ‘வால் ஒடிந்த தலைவர்’. நேற்று மதியம் அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் தாளைப் பார்க்கும்போது கை அரித்தது. சிவப்புப் பேனா ‘வா’வை அடித்து மேலே ‘கா’ போட்டது. ஒரே எழுத்து. லட்சக்கணக்கில் எழுத்துகளைத் திருத்தியவள். எதுவும் இப்படி நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு இடித்ததில்லை.

கைப்பேசி அடித்தது. விளம்பர மேலாளர்.

“தலைவர் கூப்பிடறாரும்மா. வந்ததும் நேரா மேல வந்துடுங்க.” குரலில் தேன் வழிந்தது. அதுதான் சரியாகப் படவில்லை. கடைசிப் பக்கத்தின் அந்த மூலைக்கு மேலாளர் ஒரு வருடமாக ஒரு மெத்தை விளம்பரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். போன மாதம் ஒரு குறிப்பு தப்பாகிப் போய், வாசகர்கள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். “இன்னும் ஒரு தப்பு வரட்டும், கட்டத்தைத் தூக்கிட்டு மெத்தையைப் போட்டுடலாம்” என்று தலைவரும் சொல்லியிருந்தார்.

தலைவரின் மாவுக்கட்டுக் கால் ஒரு முக்காலியில் தலையணை போட்டு வைக்கப்பட்டிருந்தது. அவர் முன்னால் அன்றைய குறுக்கெழுத்து. எல்லாம் நிரம்பியிருந்தது, ஏழாம் எண்ணைத் தவிர. நாற்காலிக்குப் பின்னால் மேலாளர் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“ஏழுக்கு என்னம்மா விடை?”

விடையைச் சொன்னால் வேலை போகும். குறிப்பு தப்பு என்றால் கட்டம் போகும். வேறு விடை ஏதாவது அகப்படுமா என்று மனசுக்குள் துழாவினாள். வேலி, கூலி, போலி. எதுவும் நாலு கட்டத்துக்குப் போதவில்லை. போலி மட்டும் அவளையே உற்றுப் பார்த்தது.

“தப்பான குறிப்புன்னு நினைக்கிறேங்கய்யா. போன மாசமும் இப்படித்தான்...” என்று மேலாளர் எடுத்துக்கொடுத்தார்.

“தப்பெல்லாம் இல்லைங்க!” யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. “கட்டம் போட்டவ விடை சொல்லக் கூடாதுங்கய்யா. நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.”

தலைவர் பென்சிலை எடுத்தார். உதடு அசைந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். த. லை. வ. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. லி.

பென்சில் கீழே வைக்கப்பட்டது.

இதற்காகவே காத்திருந்ததுபோல் மேலாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். “நேத்தைய மெய்ப்புங்கய்யா. வால்னுதான் இருந்திருக்கு. இந்தம்மாதான் கால்னு மாத்தியிருக்காங்க. சிவப்பு மை பாருங்க. நீங்க விழுந்த மறுநாளு.”

தலைவர் கட்டக்கா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா மாத்தினே?”

“அது வந்துங்கய்யா...” என்று இழுத்தாள். “தலைவருக்கு வால்னு அச்சுல வந்தா நல்லாவா இருக்கும்?”

தலைவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “வால் ஒடிந்த தலைவர்,” என்று மெதுவாகப் படித்தார். பிறகு மேலாளர் பக்கம் தலையைத் திருப்பி, “ஏன்யா, அப்ப வாலே இருந்திருக்கணுங்கறியா?” என்றார்.

“ஐயையோ, நான் அப்படிச் சொல்லலைங்கய்யா!”

“சரி, கால் ஒடிஞ்சது நான். ஒத்துக்கறேன். என்னோட சேர்ந்து ஊருக்கே தலைவலி கொடுக்கிற அந்தத் தலையில்லாத எலி யாரு?”

கட்டக்கா தரையைப் பார்த்தாள். தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மெய்ப்புத் தாளைப் பார்த்தார். அதில் எலிக்குத் திருத்தம் எதுவும் இல்லை.

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த குலுக்கலில் முக்காலி நகர்ந்து, “ஐயோ, அம்மா!” என்று அலறினார். மேலாளர் காலைப் பிடிக்க ஓடினார். அலறலுக்கு நடுவே தீர்ப்பும் வந்தது: “கட்டம் இருக்கட்டும்! மெத்தையை வேற எங்கயாவது போட்டுக்க!”

தலைவர் விழுந்த அதே படிகளில் கட்டக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக இறங்கினாள். இருக்கையில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மேசைமேல் நாளைய கட்டத்தின் மெய்ப்பு காத்திருந்தது. இனி ஒரு எழுத்தைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, பேனாவை மூடி இழுப்பறைக்குள் போட்டாள்.

கால் மணி நேரம் தாக்குப்பிடித்தாள்.

அதன்பின் இழுப்பறை திறந்தது. இரண்டு குறிப்புகள் அடிபட்டன. ஓரத்தில் சிவப்பில் புதிதாக ஒன்று முளைத்தது: ‘அத்தைக்குத் தலை மாறினால் படுத்துக்கொள்ளலாம் (3).’

மேலாளரின் மெத்தைக்கு ஒருவழியாகக் கடைசிப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. மூன்றே மூன்று கட்டம்.