பவளம்மா வாங்கிய கையெழுத்துகள்

சேறும் சோப்புத் தண்ணீரும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை, மழை விட்ட பிறகும் எங்கள் வீட்டுச் சமையலறையை விட்டுப் போகாது. ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை விற்றபின் எங்களையெல்லாம் கொண்டுவந்து குடியேற்றிய "தாமான்" குடியிருப்பில், முன்வரிசை, பின்வரிசை இரண்டுக்குமே அப்போது மண்ணில் வெட்டிய "லோங்காங்"தான், மழை வந்தால் வீட்டுக்குள் வழியும் சாக்கடை. வானம் கறுத்தாலே அம்மா அரிசி டின்னை நாற்காலி மேல் ஏற்றிவிடுவார், என் பள்ளிக்கூடச் சப்பாத்து மட்டும் எப்படியோ மிதந்துகொண்டிருக்கும்.

பின்வரிசையில் எங்கள் அப்பா வைத்ததுதான் சட்டம். தோட்டத்தில் அவர் "தண்டல்", அதாவது விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு "பெரட்டு" எடுத்து, பால்மரம் வெட்டுகிறவர்களை வேலைக்கு அனுப்புகிறவர். துரையிடம் எதைச் சொல்வதென்றாலும் எல்லாருக்குமாக அவர் ஒருவர் போய்ச் சொன்னால் போதும். அதனால் சிமெண்டு லோங்காங் கேட்டு மாவட்ட மன்றத்துக்கு மனு எழுதலாம் என்ற பேச்சு வந்தபோது அப்பா வீடு வீடாகப் போகவில்லை. எங்கள் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து, பின்வரிசைக்காரர் அத்தனை பேருடைய பெயரையும் எழுதி, பக்கத்திலேயே கையெழுத்தையும் அவரே போட்டார். "நான் போட்டா எல்லாரும் போட்ட மாதிரிதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை, அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முன்வரிசையில் பவளம்மா இருந்தார், என் வகுப்புத்தோழி தேவிகாவின் அம்மா. தோட்டத்தில் அப்பாவின் பெரட்டில் நின்றவர். அவர் முதலில் பஸ் ஏறி மன்றத்துக்கே போய், மனு எப்படிக் கொடுப்பது என்று முகப்பில் கேட்டுவிட்டு வந்தார். "கேட்டா சொல்லப் போறாங்க, அடிக்கவா போறாங்க?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, பால் விடாத "தே ஓ" தேநீர் குடித்து, அவரவர் கதையைக் கேட்டு, பெயர், வீட்டு எண், ஐ.சி. என்ற அடையாள அட்டையின் எண் எழுதி, அவரவர் கையாலேயே கையெழுத்து வாங்கினார். எழுதத் தெரியாதவர்களுக்கு மை ஒத்தியைத் திறந்து நீட்டினார். மனுவைக் கொடுத்தபோது, தன் நகலில் மறக்காமல் முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டார்.

அப்பாவின் மனு திரும்பி வந்தது. எல்லாம் ஒரே கையெழுத்தாக இருப்பதால் இதை ஒருவருடைய புகாராகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று முகப்பில் சொல்லிவிட்டார்களாம். முன்வரிசைக்கோ சில மாதங்களில் சிமெண்டு லோங்காங் வந்தது, மேலே மூடியோடு.

எனக்கு வயிறு எரிந்தது. தேவிகா அந்த மூடி மேல் கால் நீட்டி உட்கார்ந்து, நனையாத சப்பாத்தோடு "ஐஸ் கச்சாங்" தின்பாள். என் கண்ணாவது பட்டு அந்தச் சிலாப் உடையாதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன், உடையாது. அதைவிடப் பெரிய எரிச்சல் வேறொன்று. ஐ.சி. தொலைந்தாலும் பிள்ளைக்குப் பள்ளி மாற்ற வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், இப்போது அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, நேராகப் பவளம்மா வீட்டுக்குப் போனார்கள். அப்பா பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதே பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், தேவிகாவோடு ஒரு பருவம் முழுக்கப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் பவளம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் பின்வரிசைக்கான புது மனு.

"அண்ணே, இது தோட்டத்துப் பெரட்டு இல்லலா. இங்க அவங்கவங்க கைதான் பேசும். மொதக் கையெழுத்து நீங்க போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க."

அப்பா பேனாவை எடுத்தார். பிறகு தன் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்திட்டு, "உக்காருங்கம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். தோட்டத்தில் "ஏ பவளம்" என்று கூப்பிட்டவர் அவர். எனக்கு எரிச்சல் இரட்டிப்பானது. அந்த அம்மாள் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் எங்களுக்கும் லோங்காங் வந்துவிட்டது.

இப்போது நான் ஈப்போவில், அடுக்கு வரிசை வீடொன்றில் இருக்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும், வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார்கள். யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டியதில்லை, ஏறுவதுமில்லை. போன மாதம் எங்கள் பிள்ளைகள் விளையாடும் திடலில் கடைவீடு கட்டப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்றிருந்தது. நானே ஒரு மனு எழுதிக்கொண்டு, பவளம்மாவைப் போலவே கிளம்பினேன்.

முதல் வீட்டில் மணியடித்து வெகுநேரம் கழித்து, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். மனுவைப் பற்றிச் சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பவளம்மா மேல் அந்த நிமிடம் எனக்கு வந்த பொறாமை, சின்ன வயதில் வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"அக்கா, நீங்க எந்த வீடு? புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான்.