நூல் கட்டிய காய்கள்

எங்கள் அக்கா தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவோடு சேர்ந்து எங்களை ஆளாக்கியவர் அவர்தான். அக்கா பொறுமைசாலி என்று காரியத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். தங்கை நான் சொல்கிறேன், அதெல்லாம் இல்லை. சட்டென்று கோபம் வரும். பருத்திச் செடியிடம் மட்டும்தான் அவருக்குப் பொறுமை.

வேளாண்மை படித்து ஒரு விதை கம்பெனியில் வேலை பார்த்தார். திருமணத்துக்குப் பின் அதை விட்டுவிட்டு, அக்காவின் கணவரான மாமாவின் தோட்டத்தில் சொந்தமாக ஒரு பருத்தி ரகத்தை உருவாக்கத் தொடங்கினார். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் விளைய வேண்டும், இயற்கை விவசாயிகள் நம்பி விதைக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆண்டுக்கணக்கில் நல்ல செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி அதைச் சாதித்தார்.

சுற்றிலும் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி. அங்கிருந்து ஒரு தேனீ வந்து பூவில் உட்கார்ந்தாலே விதை கலந்துவிடும். அதனால் மறுநாள் மலரப்போகும் மொட்டுகளின் நுனியை முந்தின மாலையே நூலால் கட்டிவிடுவார். பூ திறக்காமல், தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். அடையாளத்துக்குக் காம்பிலும் ஒரு நூல். அறுவடையில் நூல் உள்ள காய் விதைக்கு, மற்றது மில்லுக்கு.

போன பருவத்துக்கு முன் மழையில் நனைந்து சேமித்த விதையில் பெரும்பகுதி கெட்டுப்போனது. மிஞ்சிய மூல விதை முழுவதையும் விதைத்திருந்தார். செடி பூக்கும் நேரத்தில்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. நகரத்தில் கணபதிப் பகுதியில் உள்ள என் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்.

சிகிச்சை முடிந்து தோட்டத்துக்குப் போனால், எல்லாக் காய்களிலும் நூல். அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, இத்தனையும் மொட்டாவா இருந்துச்சு?"

"மொட்டு, பூத்தது ஒண்ணையும் உடாம ஆள் வெச்சுக் கட்டிப்போட்டேன் அம்மணி. உனக்கு நெறைய விதை வேணுமில்ல?" என்றார் மாமா.

அன்று அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேனீ தொட்ட காய் எது, தொடாத காய் எது என்று சொல்ல வழியில்லை. விதைத்துப் பார்த்துப் பிரிக்க இன்னும் சில பருவங்கள் வேண்டும். சிகிச்சைக்கும் நோய் அடங்கவில்லை; அவ்வளவு காலம் அக்காவுக்கு இல்லை. "பரவால்லீங்க, அப்படியே குடுங்க" என்று விதை கேட்டு வந்த விவசாயிகளிடமும் மறுத்துவிட்டார். "எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படீங்க குடுக்கறது?" அத்தனை பருத்திக்கொட்டையையும் ஆட்டி மாட்டுக்கு வைத்தோம். மாமா அந்தப் பாலைத் தொடவில்லை. கடைசி வாரம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுங்க, எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றார் அக்கா.

இதை மறைக்காமல் எழுதச் சொன்னவர் மாமாதான்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், சமைத்துக் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்தார் எல்லோருக்கும் எங்கள் நன்றி. மாமா சொன்னபடி நூல் கட்டிய பெண்களே, உங்களுக்கும்தான். உங்கள்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முன்பு அக்காவிடம் வாங்கிய விதை யார் வீட்டிலாவது விதைக்காமல் ஒரு பிடி இருந்தால் சொல்லுங்கள். இதுவரை கேட்ட இடமெல்லாம் இல்லை என்றுதான் சொன்னார்கள். இருந்தால் மாமாவே வந்து வாங்கிக்கொள்வார். எந்த மொட்டில் கட்ட வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.